நக்கர் மலைச்சரிவில் ரோரிக்கின் வீடு: ஓவியம் பழகாதவர்கள் போகலாமா?

"மே மாத நடுவில் அம்மா அப்பாவுடன் நான்கு நாள் மணாலி போகிறோம். பக்கத்தில் நக்கர் என்ற ஊரில் ரோரிக் என்னும் ரஷ்ய ஓவியர் வாழ்ந்த வீடு இருக்கிறதாம். திங்கட்கிழமை அரை நாள் அதற்கு ஒதுக்கலாமா? கண்ணாடி வழியே பழைய நாற்காலிகளை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் அங்கே உள்ளது என்று நண்பர் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் ஓவியம் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. போவதற்கு முன்பு எதையாவது படிக்க வேண்டுமா?" இவ்வளவுதான் நீங்கள் எழுதியது. போகலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாலும், ஓவியம் பழகாத கண்ணுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா, அம்மாவை வீணாக மலையேற்றிவிடுவோமா என்ற இரண்டு தயக்கங்கள்தான் உங்கள் வரிகளில் எனக்குத் தெரிகின்றன. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் இருபத்தாறு ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன். நிலக்காட்சி வரையும் பயிற்சிக்காக மாணவர்களைக் குல்லு பள்ளத்தாக்குக்கு ஏழு முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நக்கரில்தான் தங்கினோம்.

முதலில் அவசரமான செய்தி: அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் திட்டத்தில் அந்த நாளை மாற்றுங்கள். பள்ளத்தாக்கின் மறுகரையிலிருந்து ஏறி வந்து, பூட்டிய கதவின் முன்னால் நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்த்திருக்கிறேன். திறக்கும் நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அவற்றை நான் சொல்லப் போவதில்லை. கிளம்பும் முன்பு தங்கும் விடுதியில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை. வீட்டின் மேல்தளத்து அறைகளை வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். மேசை, படுக்கை, புத்தக அலமாரி, சில புத்தச் சிலைகள் எல்லாம் குடும்பம் விட்டுச் சென்ற ஒழுங்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. கீழ்த்தளத்தில் ஓவியக்கூடம். வெளியே ஒரு கொட்டகையில் அவர்களுடைய பழைய டாட்ஜ் கார் நிற்கிறது. இதையெல்லாம் இருபது நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் முடிக்கிறார்கள். மணாலியிலிருந்து வரும் டாக்சிக்காரர்கள் பொதுவாக முக்கால் மணி நேரம் தருகிறார்கள். அந்த நேரத்துக்குள் பார்த்தால் உங்கள் நண்பருக்குக் கிடைத்த அனுபவமே உங்களுக்கும் கிடைக்கும்.

நான் முதல் முறை போனபோதும் அதுதான் நடந்தது. பிற்பகல் மூன்று மணி. மேகம் இறங்கி, எதிரே இருந்த மலைகள் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தன. உள்ளே போய் ஓவியங்களைப் பார்த்தேன். ஊதாவில் ஒரு மலை, அதன் தலையில் மட்டும் ஆரஞ்சு. அடியில் கரும்பச்சையும் நீலமும் கலந்த ஒரு பள்ளம். கண்ணால் கண்டதை வரையாமல் மனத்தில் நினைத்த நிறங்களைத் தீட்டியிருக்கிறார், மலையைச் சாக்காக வைத்துக்கொண்டு அலங்கரித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். படித்த திமிர். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூக்கம் கலைந்து விடுதியின் மாடிக்கு வந்தேன். பள்ளத்தாக்கு முழுவதும் இன்னும் இருட்டு. ஆறு எங்கே ஓடுகிறது என்பது ஓசையால் மட்டுமே தெரிந்தது. எதிரே மேற்கு மலைத்தொடரின் உச்சியில் மட்டும் நெருப்பு வைத்ததுபோல் ஆரஞ்சு. அதற்குக் கீழே, வெயில் இன்னும் தொடாத பனி அத்தனையும் ஊதா. அதற்கும் கீழே, பெயர் சொல்ல முடியாத ஒரு நீலம். முந்தின நாள் நான் பொய் என்று ஒதுக்கிய ஓவியம் எதிரே அப்படியே நின்றது. பத்து நிமிடத்துக்குள் ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் வெண்மையாகி, சாதாரண மலையாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன்: முதலில் மலையைப் பாருங்கள், பிறகு ஓவியத்தைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் அந்த இடம் பழைய சாமான்கள் வைத்த வீடாகவே தோன்றும். வரிசை சரியாக அமைந்தால், ஓவியத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காத உங்கள் அப்பாவும் அந்தப் படத்தின் முன் நின்று "இது நாம் காலையில் பார்த்ததுதானே" என்று சொல்வார். ஓவியம் தெரிவது என்பதற்கு நான் என் மாணவர்களிடம் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்ததில்லை.

இந்தக் காட்சிக்கு நில அமைப்புதான் காரணம். குல்லு பள்ளத்தாக்கு ஏறக்குறைய வடக்குத் தெற்காக நீள்கிறது. பியாஸ் ஆறு நடுவில் தெற்கு நோக்கி ஓடுகிறது. நக்கர் ஆற்றின் இடக்கரையில், அதாவது கிழக்குச் சரிவில், மேற்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. காலை வெயில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையைத் தாண்டி வர நேரமாகும். அதற்குள் அது எதிர்ப்பக்கத்து உச்சிகளைத் தொட்டுவிடுகிறது. நாம் நிழலில் நின்று வெளிச்சத்தைப் பார்க்கிறோம். அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு மேடைக்கு மட்டும் ஒளி கொடுப்பது போன்ற ஏற்பாடு அது. மாலையில் சூரியன் அதே மேற்கு மலைக்குப் பின்னால் இறங்குவதால் மலை வெறும் கரிய விளிம்பாகிவிடும். மே மாதத்தில் பிற்பகலானால் பெரும்பாலும் மேகம் கூடிவிடும். காலை வெளிச்சம் வேண்டுமென்றால் முந்தின இரவு நக்கரிலேயே தங்குவதுதான் வழி. உங்கள் பயணத்தில் ஓர் இரவை மணாலியிலிருந்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மணாலியின் நெரிசலுக்கு நடுவே அது உங்கள் பெற்றோருக்கு ஓய்வாகவும் இருக்கும்.

இனி, யார் இந்த ரோரிக் என்பது. நிக்கோலாய் ரோரிக் 1874-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஓவியமும் சட்டமும் படித்தார், பழைய மேடுகளை அகழ்ந்து தொல்லியலில் ஈடுபட்டார். 1913-ல் பாரிஸில் ஸ்த்ராவின்ஸ்கியின் இசையில் அரங்கேறி, பெரும் கூச்சலையும் குழப்பத்தையும் கிளப்பிய 'வசந்தத்தின் சடங்கு' பாலே நடனத்துக்கு மேடைக் காட்சிகளையும் உடைகளையும் வடிவமைத்தவர் அவர்தான். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறி, லண்டன், நியூயார்க் என்று அலைந்து, 1923 இறுதியில் மனைவி ஹெலினாவோடும் மகன்கள் யூரி, ஸ்வெதோஸ்லாவ் இருவரோடும் இந்தியா வந்தார். 1925-ல் காஷ்மீரிலிருந்து கிளம்பி லடாக், காரகோரம், கோட்டான், அல்தாய், மங்கோலியா, திபெத் என்று நடு ஆசியாவையே சுற்றிவிட்டு 1928-ல் சிக்கிம் வழியாகத் திரும்பினார். அந்தப் பயணத்தின் கடைசிக் குளிர்காலத்தில் திபெத்திய அதிகாரிகள் அவர்களை மேலே போகவும் விடாமல் திரும்பவும் விடாமல் உயர்ந்த பீடபூமியில் ஐந்து மாதம் கூடாரத்தில் நிறுத்திவைத்தார்கள். ஆட்கள் சிலர் இறந்தார்கள், சுமை விலங்குகள் பெரும்பாலானவை மடிந்தன. அதற்குப் பிறகு குடும்பம் தேடிக்கொண்ட இடம்தான் நக்கர். 1928 டிசம்பரில் வந்தார்கள். 1947 டிசம்பர் 13 அன்று ரோரிக் அங்கேயே இறந்தார்.

நான் அங்கே அழைத்துப் போகும் எல்லோரும் அதை மலையில் ஓய்வெடுக்க வந்த பணக்காரரின் மாளிகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேலைத்தலம். வீட்டுக்கு மேலே சரிவில் இன்னும் கொஞ்சம் ஏறினால் உருஸ்வதி என்ற இமாலய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1928-ல் தொடங்கப்பட்டது, விடிவெள்ளியின் ஒளி என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொன்னார்கள். மலைச் செடிகளைச் சேகரித்து உலர்த்திப் பதிவு செய்வது, திபெத்திய மருத்துவத்தைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டுவது, மொழிகளையும் வழக்கங்களையும் எழுதிவைப்பது என்று பல பிரிவுகள் இயங்கின. வால்டர் கோல்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1930 முதல் சில காலம் இங்கே வேலை செய்தார். பெரும்பாலோர் வீட்டைப் பார்த்ததும் டாக்சிக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே ஏறுபவர்கள் குறைவு. வாங்கிய டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேலேயும் கேட்பார்கள்.

அந்த நிறுவனத்தின் பேரில் ஒரு செய்தியைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மூத்த மகன் யூரி திபெத்திய மொழியில் பெரும் புலமை கொண்டவர். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'நீல ஏடுகள்' என்ற திபெத்தியப் பௌத்த வரலாற்று நூலை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கல்கத்தா ஆசியவியல் கழகம் 1949-லும் 1953-லும் இரண்டு பகுதிகளாக அதை வெளியிட்டது. இன்றுவரை அத்துறையில் யாரும் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அந்த வேலையில் அவருக்குத் தோள்கொடுத்தவர் கெதுன் சோபெல் என்ற திபெத்திய அறிஞர். துறவியாக இருந்து, துறவை விட்டு, கவிஞராகவும் ஓவியராகவும் இந்தியாவில் அலைந்தவர். இருபதாம் நூற்றாண்டுத் திபெத்தின் தலைசிறந்த மூளைகளில் ஒன்று. அவர் நக்கர் வந்து யூரியோடு உட்கார்ந்து அந்த நூலை வரி வரியாக விளக்கினார். முன்னுரையில் அவருக்கு நன்றி இருக்கிறது. அட்டையில் பெயர் இல்லை. நீங்கள் அந்தச் சரிவில் ஏறும்போது ரோரிக் குடும்பத்தோடு அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வருகிற பலருக்கு அவர் பெயரே தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. பணம் பெரும்பாலும் அமெரிக்க ஆதரவாளர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 1929-ல் அங்கே பொருளாதாரம் சரிந்தது. 1930-களின் நடுவில் அந்த ஆதரவாளர்களோடு பெரும் பிணக்கு ஏற்பட்டு நியூயார்க்கில் இருந்த ரோரிக் அருங்காட்சியகக் கட்டடமும் கைவிட்டுப் போனது. பிறகு உலகப் போர். முப்பதுகளின் இறுதியில் உருஸ்வதி முடங்கியது. இதே காலத்தில்தான் ரோரிக்கின் பெயரை உலக வரலாற்றில் நிறுத்திய காரியமும் நடந்தது. போர்க்காலத்தில் கோயில், அருங்காட்சியகம், நூலகம், பள்ளி ஆகியவற்றைத் தாக்கக் கூடாது என்ற உடன்படிக்கை 1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகளுமாக 21 நாடுகள் ஒப்பமிட்டன. ரோரிக் உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். வெள்ளைத் துணியில் சிவப்பு வளையத்துக்குள் மூன்று சிவப்பு வட்டங்கள் கொண்ட கொடி அதன் அடையாளம்; வளாகத்தில் பல இடங்களில் அதைப் பார்ப்பீர்கள். போரில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் 1954-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்துக்கு இது முன்னோடி.

இங்கே வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எதை நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேருவும் இந்திராவும் 1942 மே மாதத்தில் வந்து இந்த வீட்டில் தங்கியது உறுதி. அப்போது இளைய மகன் ஸ்வெதோஸ்லாவ் நேருவை வரைந்ததும் உறுதி. திரைப்பட நடிகை தேவிகா ராணி 1945-ல் ஸ்வெதோஸ்லாவை மணந்ததும் உறுதி. தேவிகா ராணியின் தந்தை சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர். ரோரிக் ரஷ்ய உளவாளி என்பது வேறு வகை. அவர் 1926-ல் மாஸ்கோவுக்குப் போனதும், பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரைச் சந்தேகத்தோடு கண்காணித்ததும் பதிவில் உள்ள உண்மைகள். அதிலிருந்து உளவாளி என்ற முடிவுக்குத் தாவுபவர்கள் இதுவரை அதை நிறுவிக் காட்டவில்லை. இமயத்துக்கு அப்பால் மறைந்திருக்கும் சம்பாலா நாட்டை அவர் கண்டுபிடித்தார், அழிவற்ற மகாத்மாக்கள் ஹெலினாவோடு பேசினார்கள் என்பதெல்லாம் அக்குடும்பத்தின் நம்பிக்கையும் அவர்களைப் பின்பற்றுவோரின் நம்பிக்கையும். அந்த நம்பிக்கைதான் அவருடைய ஓவியங்களுக்கு எரிபொருள் என்பதை மறுக்க மாட்டேன். மலையடிவாரத்தில் ஒரு சிறு மனித உருவம் தனியாக உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஆனால் அதை வரலாறு என்று ஏற்க வேண்டியதில்லை.

ஓவியக்கூடத்துக்குள் போனதும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உள்ளே படம் எடுக்க அனுமதிப்பதில்லை. அது நல்லதுதான், கண்ணுக்கு வேலை வரும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். நிக்கோலாய் வரைந்த மலை ஓவியம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் படாதபடி சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் பளபளப்பு அதில் இருக்காது. அவர் பெரும்பாலும் டெம்பராவில் வேலை செய்தார். நிறப்பொடியை எண்ணெயில் குழைக்காமல், நீரில் கரையும் பசையிலோ முட்டையிலோ குழைத்துத் தீட்டும் முறை அது. காய்ந்த பிறகு மேற்பரப்பு சுண்ணாம்புச் சுவர்போல மங்கலாக, மென்மையாக இருக்கும். நம் பழைய கோயில் சுவரோவியங்களில் கண்ட அதே அமைதி. பளபளப்பு இல்லாததால் நிறம் மட்டும் தனியாக நின்று ஒளிர்வதுபோல் தோன்றும். இன்னும் அருகே போனால், மலையின் ஒவ்வொரு மடிப்பும் ஒரே நிறத்தாலான தட்டையான துண்டு என்பது தெரியும். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் காட்டும் வேலையே கிடையாது. ஒரு நீலத் துண்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெளிறிய நீலத் துண்டு, அவ்வளவுதான். நான்கடி பின்னால் வந்தால் அவை மலையாகக் கூடிவிடுகின்றன. என் மாணவி ஒருத்தி மூன்று நாள் போஸ்டர் வண்ணத்தில் அந்த நீலத்தைக் கலந்து பார்த்தாள். வரவில்லை. நான்காம் நாள் காலை, நீலத்தை மாற்றாமல் அதற்கு மேலே ஒரு கீற்று வெளிர் ஆரஞ்சை வைத்தாள். நீலம் வந்துவிட்டது. பக்கத்து நிறம்தான் அதை அந்த நீலமாக்குகிறது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதே கூடத்தில் ஸ்வெதோஸ்லாவின் ஓவியங்களும் இருக்கும். அவருக்கு மனிதர்கள்தான் உயிர், உருவப்பட ஓவியர். தந்தையிடம் மனிதர் எறும்பளவு, மகனிடம் மனிதர் படச்சட்டம் நிறைய. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் எது யாருடையது என்று பெயர்ப் பலகையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். வெளியே தேவதாரு மரத்தடியில் குதிரைமேல் அமர்ந்த கூகா சௌகான் என்ற நாட்டுப்புறக் காவல் தெய்வத்தின் பழைய கற்சிலையும், சுற்றிலும் சிறு சிலைகளும் இருக்கின்றன. தேய்ந்துபோன அந்தக் குதிரையை ரோரிக் தன் ஓவியங்களில் சேர்த்திருக்கிறார். கீழே சில நிமிடம் இறங்கினால் அவரை எரியூட்டிய இடத்தில் ஒரு பெரிய கல்லை நட்டிருக்கிறார்கள். இந்தியாவின் பெரும் நண்பரான மகரிஷி நிக்கோலாய் ரோரிக்கின் உடல் இங்கே தீக்கு அளிக்கப்பட்டது என்று அதில் விக்ரம ஆண்டுக் கணக்கோடு பொறித்து, 'ஓம் ராம்' என்று முடித்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அவர் சொந்த நாட்டுக்குத் திரும்ப விண்ணப்பித்திருந்தார். அனுமதி வருவதற்குள் காலம் முடிந்துவிட்டது. யூரிதான் 1957-ல் தந்தையின் ஓவியங்களோடு மாஸ்கோ திரும்பினார். மூன்றே ஆண்டில் அவரும் இறந்தார். அந்தக் கல்லின் முன் நிற்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இப்போது அம்மாவின் முழங்கால். உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நக்கர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர், நம் ஊட்டியையும் கொடைக்கானலையும்விடத் தாழ்வு. அவற்றுக்குப் போய் மூச்சுத் திணறாதவர் இங்கேயும் திணற மாட்டார். மணாலியிலிருந்து பலரும் போய்வரும் ரோத்தங் கணவாய் அப்படியல்ல. அது 3,900 மீட்டருக்கும் மேலே. இதயம், இரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் அங்கே போவது பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. நக்கரில் சிக்கல் ஏற்றம்தான். ஊரிலுள்ள பழைய கோட்டையிலிருந்து ரோரிக் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குமேல் செங்குத்தான சாலை. அதை நடக்க வேண்டாம், டாக்சி வாயிலருகே வரை போகும். உள்ளே தோட்டத்தில் கொஞ்சம் படி உண்டு. கைப்பிடித்து மெதுவாகப் போனால் சமாளிக்கலாம். உருஸ்வதிக்கு ஏறுவதும், நினைவுக்கல்லுக்கு இறங்குவதும் அம்மாவுக்கு வேண்டாம். தோட்டத்தில் உட்கார்ந்தாலே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். நீங்களும் அப்பாவும் மேலே போய்வரும் அரை மணி அவருக்கு அங்கே நன்றாகவே கழியும்.

அன்றைய நாளின் மிச்சத்துக்கு நக்கர் கோட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குல்லு அரசர்களின் பழைய தலைநகரம் இது. பதினேழாம் நூற்றாண்டில்தான் தலைநகரைக் கீழே சுல்தான்பூருக்கு மாற்றினார்கள். இப்போது கோட்டை மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி. 1460-ல் சித் சிங் அரசர் கட்டினார் என்று எங்கும் சொல்வார்கள். ஆனால் வம்சாவளிகள் அந்த அரசரை 1500-ஐ ஒட்டி வைப்பதால், ஆண்டை விட்டுவிட்டு ஏறக்குறைய ஐந்நூறு வயது என்று கொள்வது நேர்மை. சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு வரிசை தேவதாரு உத்தரம், அதன் மேல் ஒரு வரிசை கல், மறுபடி உத்தரம். நடுவே சாந்து கிடையாது. மூலையில் உத்தரங்கள் விரல் கோத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். காத்-குனி என்று அங்கே இந்த முறைக்குப் பெயர். நிலம் அதிரும்போது மரம் அசைந்து கொடுக்கும், கல் நெகிழ்ந்து மீண்டும் அமரும். 1905 ஏப்ரல் 4 அன்று காங்க்ரா நிலநடுக்கத்தில் வட்டாரமே நொறுங்கியபோது இந்தக் கோட்டை நின்றது.

கோட்டை முற்றத்தில் ஜக்திபட் என்ற சின்னக் கோயில். உள்ளே ஒரு கற்பலகை. தேனீ வடிவெடுத்த தேவதைகள் அதை மலையிலிருந்து தூக்கி வந்தன என்பது கதை. ஆனால் பள்ளத்தாக்கின் தேவதைகள் நெருக்கடிக் காலத்தில் இங்கே கூடி முடிவெடுக்கும் வழக்கம் கதையல்ல, நடப்பு. ஒவ்வொரு ஊர்த் தேவதையின் சார்பாகவும் அதன் வாக்குச் சொல்பவர் வருவார். பெரிய பனிச்சறுக்கு விடுதித் திட்டம் ஒன்று இந்த நூற்றாண்டில் முன்வந்தபோதுகூட அப்படிக் கூடி, கூடாது என்று வாக்குச் சொன்னார்கள். மேலே போகும் வழியில் மரத்தாலான திரிபுரசுந்தரி கோயில், அடுக்கடுக்கான கூரையோடு இருக்கும். கோட்டைக்குக் கீழே கல்லாலான கௌரிசங்கர் கோயில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அம்மாவுக்கு இந்த இரண்டும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்குச் சித்து கேளுங்கள்: கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே கசகசாவோ வால்நட்டோ வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். கொழுக்கட்டை தின்று வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

மணாலியிலிருந்து நக்கர் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வலக்கரை நெடுஞ்சாலையில் வந்து பத்லிகுலில் ஆற்றைக் கடந்து ஏறலாம். இடக்கரைச் சாலை வழியாகவும் வரலாம். இடக்கரைச் சாலை குறுகல், ஆனால் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே போகும். எனக்கு அதுதான் பிடிக்கும். நீங்கள் போவது மே மாதம் என்பதால் நெரிசல் ஒன்றுதான் தொல்லை. பயணம் தள்ளிப்போனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்குத் தள்ளாதீர்கள். 2023 ஜூலையில் பியாஸ் பெருகி இந்தச் சாலைகளை எத்தனை இடங்களில் வாரிக்கொண்டு போனது என்பதைப் பார்த்தவர்கள் மழைக்காலத்தில் வயதானவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போக மாட்டார்கள். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அப்போது போவதானால் அக்டோபரில் விஜயதசமியன்று தொடங்கி ஏழு நாள் நடக்கும் குல்லு தசராவையும் கணக்கில் கொள்ளுங்கள்; கூட்டம் அதிகம், ஆனால் பள்ளத்தாக்கின் தேவதைகள் எல்லாம் பல்லக்கில் வரும்.

போவதற்கு முன்பு எதையாவது படிக்க வேண்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், திரும்பி வந்த பிறகு பாருங்கள். பெங்களூருவில் சித்ரகலா பரிஷத்தில் ரோரிக்குகளுக்கென்றே கூடம் இருக்கிறது. ஸ்வெதோஸ்லாவும் தேவிகா ராணியும் அந்த ஊருக்கு வெளியேதான் வாழ்ந்து, 1993-லும் 1994-லும் அடுத்தடுத்து மறைந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்திலும் தந்தை, மகன் இருவருடைய ஓவியங்களும் உண்டு. நக்கரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்தது நினைவில் இருக்கும்போதே, ஒரு சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுங்கள்.